எண்ணெய்ப் புட்டியைக் கீழே வையுங்கள்

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நவம்பர் பிறந்தால் போதும், துப்பாக்கி உறைகள் பழுதுபார்க்கும் மேசைக்கு வரத் தொடங்கிவிடும். தோல் உறைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வியாதிதான். "குளிரில் தோல் காய்ந்து வெடித்துவிடும்னு சொன்னாங்க, அதான் மிங்க் எண்ணெய் தடவினேன்." கையில் எடுத்துப் பார்த்தால் பழைய மணிபர்ஸ் மாதிரி தொளதொளவென்று கிடக்கும். இந்தப் பருவத்திலும் அதே கதை. ஆளுக்கு ஆள் சொல்லி வாய் வலித்துவிட்டது, எழுதியே வைத்துவிடுகிறேன்.

உறை என்ன, செருப்பா? காலுக்கு ஏற்ப வளைந்து கொடுப்பதற்கு? துப்பாக்கியைத் தாங்குவதைவிட, சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையை (ட்ரிகர்) மூடிக் காப்பதுதான் அதன் முதல் வேலை. பட்டை, இலைச்சாறுகளில் பதனிட்ட தோலை நனைத்து, துப்பாக்கி அச்சின் மேல் அழுத்தி, காயவைத்துத்தான் அந்த விறைப்பைக் கொண்டுவருகிறார்கள். அந்த விறைப்புக்குத்தான் நீங்கள் காசு கொடுத்தீர்கள். மிங்க் எண்ணெயோ நீட்ஸ்ஃபுட் எண்ணெயோ ஊறினால் தோலின் நார்கள் தளர்ந்துவிடும். முதலில் தளர்வது வாய்ப்பகுதி. துப்பாக்கி இல்லாதபோது அது உள்பக்கமாகச் சாயும். அடுத்த முறை துப்பாக்கியை இறக்கும்போது அந்த விளிம்பு மடிந்து, கூடவே உள்ளே போய், விசையைச் சுற்றியிருக்கும் விசை வளையத்துக்குள் நுழைந்துகொள்ளும். தடித்த கோட்டு போட்டிருப்பதால் கைக்கு வித்தியாசம் தெரியாது. காரில் ஏறி உட்கார்ந்து இடுப்பைத் திருப்பி சீட் பெல்ட் மாட்டும்போது அந்த மடிப்பு விசையை அழுத்தும்.

க்ளாக் வகைத் துப்பாக்கிகளில் விசையை இழுக்கச் சுமார் இரண்டரை கிலோ அழுத்தமும் அரை அங்குல நகர்வும் போதும். உட்காரும் உடம்பின் பாரத்துக்கு இது எம்மாத்திரம்? விசையின் நடுவில் இருக்கும் சின்னப் பாதுகாப்பு நாக்கு, முன்னாலிருந்து ஏதாவது அழுத்துகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். அழுத்துவது விரலா தோல் மடிப்பா என்று அதற்குத் தெரியாது. பிறகு ஆஸ்பத்திரியில் "தானாக வெடித்துவிட்டது" என்பார்கள். ஏதோ ஒன்று விசையை இழுத்தது, அவ்வளவுதான்.

உங்கள் உறையை இன்றே சோதியுங்கள். மேகசினை, அதாவது தோட்டா அடுக்கிய பெட்டியைக் கழற்றி, ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை இழுத்துத் தோட்டாவை வெளியேற்றி, குழலின் பின்னால் தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துத் துப்பாக்கியைத் தள்ளி வையுங்கள். வெறும் உறையின் வாயைக் கட்டைவிரலால் உள்நோக்கி அழுத்துங்கள். எதிர்த்து நிற்க வேண்டும், விட்டதும் பழைய இடத்துக்கு வர வேண்டும். வரவில்லையா, விசையை ஒட்டிய இடத்தில் நிரந்தர மடிப்புக் கோடு தெரிகிறதா, குப்பையில் போடுங்கள். எண்ணெய் குடித்த தோலைத் திரும்ப விறைக்க வைக்க வழி கிடையாது. யாரிடமும் விற்றும் தொலைக்காதீர்கள்.

சரி, தோலுக்கு வேறு என்னதான் செய்வது? அதிகம் ஒன்றுமில்லை. ஈரத்துணியால் துடையுங்கள். ரோட்டு உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் தொட்டு ஒற்றி, பிறகு வெறும் தண்ணீரால் ஒருமுறை துடையுங்கள். அறைச்சூட்டில் ஒரு நாள் காயட்டும். ஹீட்டர் மேல் வைத்தால் தோல் சுருங்கித் துப்பாக்கியைக் கவ்விக்கொள்ளும், தையலும் இற்றுப்போகும். காய்ந்ததும் நிறமில்லாத மெழுகை வெளிப்புறம் மட்டும் மெல்லிசாகத் தேயுங்கள், உள்ளே வேண்டாம். துப்பாக்கியை இரவு முழுக்கத் தோல் உறையிலேயே விட்டுவைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிட்ட அமிலமும் அதில் இருக்கும். இரும்புக்கு இரண்டுமே ஆகாது.

கைடெக்ஸ் என்ற விறைப்பான பிளாஸ்டிக்கில் செய்த உறை வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். பிளாஸ்டிக் மடியாது, உண்மைதான். ஆனால் கடுங்குளிரில் அதன் வளையும் தன்மை குறைகிறது. இறுக்கத்தைச் சரிசெய்யும் திருகுக்குள் இருக்கும் ரப்பர் வளையமும் விறைக்கும். வீட்டுக்குள் சரியாக இருந்த பிடிப்பு வாசலில் மாறிவிடும். அதனால் தோட்டா இல்லாத துப்பாக்கியை உறையில் வைத்து, அரைமணி நேரம் வெளியே குளிரவிட்டு, மெத்தைக்கு மேல் தலைகீழாகப் பிடித்து உலுக்கிப் பாருங்கள். விழுந்தால் திருகைக் கால் சுற்று இறுக்கி மறுபடி பாருங்கள். திருகுகள் தளராமல் பிடிக்கும் லாக்டைட் பசையில் நீல நிறம் ஒரு சொட்டு போதும், சிவப்பு வேண்டாம், பிறகு கழற்றவே முடியாது. ரோட்டில் தூவும் மணல் உறைக்குள் சேரும். பழைய பல்துலக்கி, சோப்புத் தண்ணீர், முழுக்கக் காயவைத்தல், வேலை முடிந்தது. இடுப்புக் கொக்கியில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எண்ணெய்க்கு அடுத்த எமன் குளிர்கோட்டுதான். அதன் கீழ்விளிம்பில் ஓடும் இழுகயிற்றையும், நுனியில் தொங்கும் பிளாஸ்டிக் பூட்டையும் பாருங்கள். அந்தப் பூட்டு விசை வளையத்துக்குள் அளவெடுத்துச் செய்ததுபோல நுழையும். துப்பாக்கியைக் கீழே தள்ளத் தள்ள, மேலே நிற்கும் பூட்டு விசையைப் பின்னால் தள்ளும். 2014-இல் இந்தியானாவில் ஒரு போலீஸ் தலைவரே உறைக்குள் துப்பாக்கியை வைக்கும்போது, மேலாடை சிக்கித் தன் காலில் சுட்டுக்கொண்டார். அனுபவம் இல்லாதவரா அவர்? கத்தரிக்கோலை எடுத்து அந்தக் கயிற்றை வெட்டிவிடுங்கள். கோட்டு விலை உயர்ந்தது என்று தயங்கினால், தொடை எலும்பின் விலையையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உறைக்குள் வைக்கும்போது விரல் விசையை விட்டு விலகி ஸ்லைடை ஒட்டி நீட்டியிருக்கட்டும். மற்ற கையால் கோட்டையும் ஸ்வெட்டரையும் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். குனிந்து உறையைக் கண்ணால் பாருங்கள். மெதுவாக இறக்குங்கள். எங்கேயாவது தடுத்தால் அழுத்தாமல் வெளியே எடுத்துப் பாருங்கள். எடுப்பதில் அவசரம் இருக்கலாம், வைப்பதில் என்ன அவசரம்? இதைவிட நல்ல வழி, கோட்டு போடுவதற்கு முன்பே உறையை மேசையில் வைத்து, குழல் உங்கள் கைக்கோ வேறு யாருக்கோ நேராக இல்லாதபடி துப்பாக்கியை இறக்கி, இரண்டையும் ஒன்றாகவே இடுப்பில் மாட்டுவது. கழற்றும்போதும் ஒன்றாகவே கழற்றுங்கள். கொக்கி பெல்ட்டைத்தான் பிடித்திருக்கிறதா, இல்லை நடுவிலிருக்கும் உள்ளாடையையா என்பதையும் பாருங்கள். துணியை மட்டும் பிடித்திருந்தால், எடுக்கும்போது உறையும் சேர்ந்தே வந்துவிடும்.

கையுறை தடித்தால் விரல் விசை வளையத்துக்குள் போவதே சிரமம், போனால் வெளியே வராது. மெல்லிய கையுறை வாங்கி, தோட்டாக்களை வீட்டில் வேறு அறையில் வைத்துவிட்டு, காலித் துப்பாக்கியோடு பழகுங்கள்.

வெளியே மைனஸ் இருபதில் சுற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் மூக்குக்கண்ணாடி வேர்க்கிறதல்லவா? துப்பாக்கிக்குள்ளும் அதேதான். அந்த ஈரத்தோடு மறுபடி வெளியே போனால் அது உள்ளே பனிக்கட்டியாகிவிடும். தோட்டாவின் பின்புறத்தை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின் ஓடும் குழாயில் எண்ணெய் விட்டு வைத்திருந்தால் இன்னும் மோசம், குளிரில் அது கெட்டிப்பட்டுப் பின்னைத் தடுக்கும். அந்தக் குழாய் எப்போதும் உலர்ந்தே இருக்கட்டும். உரசும் இடங்களில் மட்டும் ஒரு சொட்டு. இரவில் காலி செய்து, பிரித்துத் துடைத்து, பெட்டியில் பூட்டுங்கள். ஒரு துணைச் செய்தி: தினமும் ஒரே தோட்டாவை அறைக்குள் ஏற்றி இறக்கினால் அதன் முனையிலுள்ள குண்டு தோட்டாவின் கூட்டுக்குள் அமுங்கும். சுடும்போது அழுத்தம் எகிறும். புதிய தோட்டாவின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், குட்டையாக இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

பனியில் வழுக்கி விழுந்தால் முதலில் எழுந்திருங்கள், அப்புறம் உறையின் திறந்த அடிப்பகுதியைப் பாருங்கள். பனி திணிந்து குழல் அடைபட்டிருக்கலாம். அப்படியே சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும். காலி செய்து, ஸ்லைடைக் கழற்றி, குழலைப் பின்பக்கமிருந்து வெளிச்சத்தில் பாருங்கள்.

கடைசியாக ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். துப்பாக்கியைக் கோட்டுப் பையில் போடாதீர்கள். சாவி, சில்லறை, லிப் பாமோடு அது உருண்டுகொண்டிருக்கும், விசைக்கு மறைப்பே இருக்காது. அதைவிட, விருந்து வீட்டில் கோட்டைக் கழற்றியதும் அது எங்கே போகிறது என்று நினைத்துப் பாருங்கள். படுக்கையறைக் கட்டிலில் இருபது கோட்டுகளோடு குவியும். அந்தக் கட்டிலில்தான் பிள்ளைகள் ஏறிக் குதிப்பார்கள்.