சத்தம் வருது, படம் வரலையா? செல்போனுக்கு வீடியோ மாற்றும் முன்

“தம்பி, சத்தம் மட்டும் வருது, ஆளையே காணோம்” என்று சொல்லி செல்போனை என் கையில் கொடுத்தார் தங்கச்சிமடத்து அக்கா ஒருவர். தங்கை மகளின் கல்யாண வீடியோ. கோயில் மணி கேட்கிறது, பேண்டு வாத்தியம் கேட்கிறது, திரை மட்டும் கறுப்பு. சவுதியில் இருக்கும் தம்பிக்கும் அனுப்பியிருக்கிறார், அங்கேயும் இதே கதைதான். ஃபோன் கெட்டுவிட்டதென்று புதுசு வாங்கும் யோசனையில் இருந்தார்.

ஃபோனில் ஒரு குறையும் இல்லை. பாம்பனிலிருந்து தொண்டி வரைக்கும் 18 வருடமாகக் கல்யாண வீடியோ எடுத்து, எடிட்டிங் செய்து பிழைக்கிறவன் நான். தவறு எங்கள் தொழில்காரர்கள் பக்கம்தான்.

ஃபைல் பெயரின் கடைசியில் எம்பி4 என்று இருந்தால் எதிலும் ஓடிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். எம்பி4 வெறும் பெட்டி. கரையில் இறக்கும் ஐஸ் பெட்டியை வெளியே இருந்து பார்த்தால் உள்ளே இறாலா நண்டா என்று தெரியாது. இதுவும் அப்படித்தான். உள்ளே படத்தை எந்த முறையில் சுருக்கி அடைத்திருக்கிறார்கள் என்பதுதான் கோடெக். 2003இல் வந்த எச்.264 முறை இன்றைக்குப் புழங்கும் ஃபோன்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஓடும். 2013இல் வந்த எச்.265 இன்னும் நன்றாகச் சுருக்கும், ஆனால் பழைய ஃபோன்கள் திணறும்.

அக்காவின் வீடியோ எச்.264தான். அப்புறம் ஏன் ஓடவில்லை? இப்போதைய கேமராக்கள் பலவற்றில் 10 பிட், 4:2:2 முறையில், அதாவது கூடுதல் விவரத்தோடு, நிறத்தைப் பதியலாம். எடிட்டிங்கில் நிறம் சரிசெய்ய அது அருமையான வசதி. வெளியே கொடுக்கும்போதும் அதே அமைப்பில் விட்டுவிட்டார்கள். பெரும்பாலான ஃபோன் சிப்புகள் இந்தக் கோடெக்கில் 8 பிட், 4:2:0 என்ற குறைந்த நிற விவரத்தை மட்டுமே படிக்கும். அதனால் படத்தை விட்டுவிட்டு ஒலியை மட்டும் ஓட்டுகின்றன. விஎல்சி போன்ற ஆப்பில் ஒருவேளை படம் வரும். ஆனால் வேலை முழுக்க மெயின் பிராசஸர் தலையில் விழுவதால் ஃபோன் சூடாகும், சார்ஜ் கரையும். மீன்பிடிக்க ஓர் இரவு கடலில் தங்கப் போகிறவர் சார்ஜை இப்படி வீணாக்கக் கூடாது. அவசரத்துக்குப் பேச ஃபோன் வேண்டும்.

தீர்வு சிக்கலானது அல்ல. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டு எம்பி4, எச்.264, 8 பிட், ஒலிக்கு ஏஏசி என்று தேர்ந்தெடுங்கள். அளவு 1280க்கு 720 போதும். கையகலத் திரையில் ஃபோர்கே வைப்பது இடத்துக்குத்தான் கேடு. ஒரு நொடி வீடியோவுக்கு எவ்வளவு தகவல் என்று சொல்லும் பிட்ரேட் கணக்கும் எளிது: நொடிக்கு 8 மெகாபிட் என்றால் நொடிக்கு 1 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி. அதையே 2.5 மெகாபிட்டாக வைத்தால் ஒரு மணி நேரம் 1.1 ஜிபியில் அடங்கும். மூன்று மணி நேரக் கல்யாணமே நாலு ஜிபிக்குள் முடியும். பல பென்டிரைவ்களில் இருக்கும் ஃபேட்32 அமைப்பு 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை ஏற்காது என்பதால் இந்த அளவு முக்கியம்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள், அது மறுபடி சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் உள்ளது உள்ளபடி போகும்.

ஒரு வாரம் கழித்து அந்த அக்கா மறுபடி வந்தார். இந்த முறை முந்தானையில் சுற்றிய ஒரு டிவிடி. அவருடைய சொந்தக் கல்யாணம், 2005. இறந்துபோன அப்பா அதில் மட்டும்தான் நடந்து வருகிறாராம். வீட்டில் எழுதும் டிவிடியில் தகவல் இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெக்கையும் ஈரமும் அதைக் கெடுக்கும், நம் கரையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. இரண்டு இடத்தில் தட்டித் தடுமாறி ஒருவழியாக முழுவதும் கம்ப்யூட்டரில் இறங்கியது. இன்னும் இரண்டு வருடம் பீரோவில் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். டிவிடி படம் 720க்கு 576, ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டாகப் பிரித்துப் பதிந்தது. அந்த இரண்டையும் ஒழுங்காக ஒரே படமாக்கும் டீஇன்டர்லேஸ் செய்யாமல் மாற்றினால் ஆட்கள் அசையும்போது விளிம்பெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரியும். அடுத்து, திரை நிறைய வேண்டுமென்று இழுத்துவிடுவது. 4:3 படத்தை 16:9க்கு இழுத்தால் அக்காவின் ஒல்லியான அப்பா யாரோ ஒரு பருத்த ஆளாகிவிடுவார். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும், அப்பா அப்பாவாக இருக்க வேண்டும்.

டிவிடியிலிருந்து இறக்கியதை அப்படியே ஒரு ஹார்டு டிஸ்க்கில் வைக்கச் சொன்னேன். ஃபோனுக்குப் போவது நகல் மட்டும். தரம் குறைத்ததை மறுபடி கூட்ட எந்த மென்பொருளாலும் ஆகாது.

கடையை விட்டுக் கிளம்பும் முன், ஓட்டிப் பார்க்காமல் யாரையும் நான் அனுப்புவதில்லை. தொடக்கம் மட்டும் பார்த்தால் போதாது. உதட்டசைவும் குரலும் விலகுவது பெரும்பாலும் கடைசியில்தான் தெரியும். அக்காவிடமும் கடைசிப் பகுதிக்குத் தள்ளிக் காட்டச் சொன்னேன். பந்தியில் அவர் அப்பா யாரையோ சத்தமாகச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயும் சத்தமும் சரியாக இருந்தன. “இன்னொரு தடவை போடு தம்பி” என்றார்.