கடலில் கலக்கும் ஆற்றுநீர் வீணா?

"இவ்வளவு நீரும் வீணாகக் கடலில் கலக்கிறதே" என்ற அங்கலாய்ப்பைக் கேட்கும்போதெல்லாம், முகத்துவாரங்களில் நீரின் உப்பை அளப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு மறுத்துப் பேசாமல் இருக்க முடிவதில்லை.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது; நன்னீரில் அரை கிராமுக்கும் குறைவு. மீனின் உடல்நீர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. எனவே ஆற்றுமீனின் செவுள் வழியே நீர் ஓயாமல் உள்ளே புகுகிறது. அதை நீர்த்த சிறுநீராக ஏராளமாக வெளியேற்றியே அது உயிர் வாழ்கிறது. கடல்மீனின் பாடு இதற்கு நேர்மாறு: உடல் வற்றிக்கொண்டே இருப்பதால் உப்புநீரையே குடித்து, மிஞ்சிய உப்பைச் செவுளிலுள்ள தனிச் செல்கள் வழியே வெளியே தள்ளுகிறது. சுறாவோ இரத்தத்தில் யூரியாவைத் தேக்கி வைத்து இச்சிக்கலை வேறு வழியில் தீர்த்துக்கொண்டது.

இவ்விரு நீரும் சந்தித்தவுடன் கலந்துவிடுவதில்லை. பணிக்குச் சேர்ந்த புதிதில் மேல்மட்ட நீரை மட்டும் மொண்டு, 3 கிராம் என்று குறித்துக்கொண்டு கரையேறப் பார்த்தேன். உடனிருந்த மூத்தவர் பேசாமல் மாதிரிக் குப்பியை மூன்று மீட்டர் ஆழத்துக்கு இறக்கி எடுத்தார், அது 27 காட்டியது. அடர்த்தி குறைந்த நன்னீர் மேலே ஓட, அடியில் கடல்நீர் ஆப்புப்போல் ஆற்றுக்குள் நுழைந்திருந்தது.

இப்படி ஆற்றுநீரும் கடல்நீரும் மெல்லக் கலந்து உண்டாகும் உவர்நீர்தான் பல உயிர்களுக்குத் தொட்டில். கடலில் பொரிக்கும் இறால் இனங்கள் பலவற்றின் குஞ்சுகள் வளர்வதற்காக இங்கே வருகின்றன. நன்னீரில் வாழும் பெரிய இறாலோ, தன் இளம்புழுக்கள் உவர்நீரில் மட்டுமே பிழைக்கும் என்பதால், முட்டைகளைச் சுமந்தபடி ஆற்றோடு கீழே இறங்குகிறது. வெள்ளம் வராவிட்டால் மணல்திட்டு ஆற்றின் வாயை அடைத்து, இரு வழிகளும் மூடிக்கொள்ளும்.

எகிப்தில் நடந்தது இதைவிடப் பெரியது. அஸ்வான் உயர் அணை 1964இல் நீரைத் தேக்கத் தொடங்கியதும், நைல் வெள்ளம் கொண்டுவந்த சத்துகளை நம்பியிருந்த மிதவைப் பாசிகள் குறைந்தன. அதனால், 1962இல் சுமார் 18,000 டன்னாக இருந்த மத்தி மீன் பிடிப்பு, சில ஆண்டுகளில் சில நூறு டன்னாகச் சரிந்தது. பின்னாளில் மீன்வளம் மீண்டதற்கு உரமும் கழிவுநீரும் சேர்த்த சத்துகளே பெருங்காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்குகின்றனர். அதை ஈடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அணைக்குப் பின்னால் தங்கிவிட்ட வண்டல் கழிமுகத்துக்கு வந்து சேரவில்லை, அங்கே கரை இன்னும் அரிக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.