குரை: சொல்லும் பொருளும், ‘நாய் மொழி’ என்ற பிழையும்

பக்கத்து வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போடக் கூட்டிப்போன இடத்தில் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். வழவழப்பான தாள், நான்கு வண்ண அச்சு. தலைப்பு ‘நாய் மொழியைக் கற்றுக்கொள்வோம்’. முதல் வரி, ‘உங்கள் நாய் அதிகமாகக் குறைக்கிறதா?’

வல்லின றகரம் போட்டுக் குறைத்தல் என்றால் அளவைச் சிறிதாக்குவது. விலையைக் குறைக்கலாம், உப்பைக் குறைக்கலாம். நாய் செய்வது குரைத்தல், இடையின ரகரம். பேச்சில் ‘குலைக்குது’ என்பார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. ரகரம் லகரமாவது பேச்சில் நடப்பதுதான். அச்சில் குலைத்தல் என்றால் கலைத்துப் போடுவது, ஆகவே எழுதும்போது ‘குரை’ ஒன்றுதான்.

சொல் பழையது. குரை என்றால் முதலில் ஒலி, ஆரவாரம். முழங்கும் கடல் குரைகடல், ஒலிக்கும் கழல் குரைகழல். மலையாளத்திலும் நாய்க்கு இதே ‘குர’தான். கன்னடத்தில் பொகளு, தெலுங்கில் மொருகு என்று வேறு சொற்கள். குறளில் வரும் ‘பல்குரைத் துன்பங்கள்’ என்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அங்கே குரை தனிப்பொருள் இல்லாமல் வரும் வெறும் அசைச்சொல், ஒலி, நாய் இரண்டுக்கும் அதில் இடமில்லை. ஆக, குரைத்தல் என்ற சொல்லில் ‘பேசுதல்’ என்ற பொருள் எங்கும் கிடையாது. உரக்க ஒலித்தல், அவ்வளவுதான்.

எழுத்துப் பிழையையாவது மன்னித்துவிடலாம், அடுத்த அச்சில் திருத்திக்கொள்வார்கள். தலைப்பில் இருக்கிற ‘நாய் மொழி’யைத்தான் என்னால் விட முடியவில்லை. காணொளிகளில் நாய் மொழி, வார இணைப்புகளில் நாய் மொழி, வசன வரிகளில் ‘அது உன்னோடு பேசுகிறது’. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

தமிழில் மொழி என்றாலே சொல். ஓரெழுத்தொருமொழி என்று பள்ளியில் படித்திருப்போம், ஓரெழுத்தாலான சொல் என்று பொருள். மொழிதல் என்றால் சொல்லால் சொல்லுதல். சொற்கள் இருக்க வேண்டும், அவற்றை மாற்றி மாற்றிக் கோத்து இதுவரை யாரும் சொல்லாத ஒன்றையும் சொல்ல முடிய வேண்டும். ‘நேற்று வந்த ஆள் இன்று வரவில்லை’ என்பதை எந்த நாயாலும் குரைத்துச் சொல்ல முடியாது. இதில் நாய்க்கு ஓர் இழுக்கும் இல்லை. நம் சொற்களை நூற்றுக்கணக்கில் அடையாளம் காணும் நாய்கள் உண்டு, அமெரிக்காவில் சேசர் என்ற நாய் ஆயிரத்துக்கு மேற்பட்ட பொம்மைகளைப் பெயர் சொன்னால் எடுத்துவந்தது. ஆனால் நம் சொல்லைப் புரிந்துகொள்வது வேறு, தனக்கென ஒரு மொழி வைத்திருப்பது வேறு.

இதைச் சொன்னால் உடனே ‘கிளிமொழி என்று நம் புலவர்கள் பாடவில்லையா’ என்று கேட்கிறார்கள். அது உவமை. கிளியினுடையதைப் போல இனிய பேச்சுடையவள் என்று பொருள், கிளிக்கு இலக்கணம் இருக்கிறது என்று யாரும் அதில் சொல்லவில்லை. ‘அப்படியானால் சைகை மொழி?’ என்பது அடுத்த கேள்வி. காது கேளாதோரின் சைகை மொழி முழுமையான மொழி, அதற்குச் சொல் உண்டு, இலக்கணம் உண்டு, அதில் கவிதை சொல்ல முடியும், வழக்காட முடியும். அதற்கு மொழி என்ற பெயர் கிடைக்கவே அவர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. அந்தப் பெயரைத் தூக்கி வாலாட்டலுக்கும் உறுமலுக்கும் ஒட்டுவது எனக்குத் தவறாகவே படுகிறது.

சொல் தவறினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகுகிறது. மொழி என்று சொன்னதும் மக்கள் அகராதி தேடுகிறார்கள். இந்த ஒலிக்கு இந்தப் பொருள், இந்த அசைவுக்கு இந்தப் பொருள் என்று மனப்பாடம் செய்கிறார்கள். அந்தத் துண்டறிக்கையிலேயே ‘வாலாட்டினால் மகிழ்ச்சி’ என்று ஒரு வரி. அதை நம்பி அறியாத நாயிடம் கையை நீட்டுகிற குழந்தை கடிபடும். 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். வளர்ப்பவரைக் கண்டால் வால் வலப்பக்கம் சாய்ந்து ஆடுகிறது, மிரட்டும் தோரணையுள்ள அறியாத நாயைக் கண்டால் இடப்பக்கம் சாய்கிறது. இரண்டும் வாலாட்டல்தான்.

இதற்குத் தமிழில் ஏற்கனவே ஒரு சொல் இருக்கிறது: குறிப்பு. சொல்லாததை முகத்தாலும் குரலாலும் அறிவது குறிப்பறிதல், திருக்குறளில் அந்தப் பெயரில் இரண்டு அதிகாரங்கள், பொருட்பாலில் ஒன்று, இன்பத்துப்பாலில் ஒன்று. ‘கூறாமை நோக்கிக் குறிப்பறிவான்’ என்று தொடங்குகிறதே, நாயோடு பழகும் எவருக்கும் அதுதான் வேலை. குறிப்புக்கு அகராதி கிடையாது. இடம், நேரம், எதிரில் இருப்பவர், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

குரைப்பும் அப்படித்தான் வேலை செய்கிறது. வளர்ந்த ஓநாய் அரிதாகவே குரைக்கும், பெரும்பாலும் எச்சரிக்கையாக. மனிதனோடு வாழ வந்த நாய்தான் எதற்கெடுத்தாலும் குரைக்கிறது. 2004இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோஃபியா யின்னும் பிரெண்டா மெக்கவனும் 10 நாய்களின் 4,672 குரைப்புகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அழைப்பு மணி கேட்டுக் குரைப்பது தடித்த, கரகரத்த குரல். தனியே விடப்பட்டபோதும் விளையாடும்போதும் குரைப்பது உச்சக் குரல், ஏற்ற இறக்கம் மிகுந்தது. புடாபெஸ்டில் பேட்டர் பொங்க்ராட்ஸ் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. ஹங்கேரியின் மூடி இன மேய்ச்சல் நாய்களின் குரைப்பைப் பதிவுசெய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். எந்தச் சூழலில் குரைத்தது என்பதைக் கேட்டவர்கள் குத்துமதிப்பை விட நன்றாகவே சொன்னார்கள், நாயே வளர்க்காதவர்கள் உட்பட. தாழ்ந்த குரலில் இடைவெளி விடாமல் வந்தால் சினம் என்றும், உயர்ந்த குரலில் இடைவெளி விட்டு வந்தால் ஏக்கம், அச்சம் என்றும் எடுத்துக்கொண்டார்கள். பொருள் குரலின் தன்மையில் இருக்கிறது, சொல்லில் இல்லை. குறிப்பு என்றால் இதுதான்.

எங்கள் தெரு நாய் மணியை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை பால்காரர் வண்டி வந்தால் தலையைக்கூடத் தூக்காது. அதே நேரத்தில் புது ஆள் யாராவது திரும்பினால் மூச்சு விடாமல் அடித்தொண்டையில் குரைக்கும். ஒருநாள் கட்டட வேலை நடக்கிற வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு, கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரைப்பு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி ஒன்று, குரல் மேலே ஏறி ஏறி. தெருவே எழுந்து போய்த் திறந்துவிட்டது. யாரும் எங்களுக்கு அகராதி தரவில்லை.

‘உடல்மொழி’யும் இதே வழியில் வந்த சொல்தான், ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் எடுத்து வைத்தது. உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரிவதற்குத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்று ஓர் இயலே வைத்திருக்கிறார். அச்சம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகள். அவர் செய்யுளுக்காகச் சொன்னது, நாய்க்காக அல்ல, சரி. ஆனாலும் காதை மடக்கி வாலைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு நிற்கிற நாயைப் பார்த்தால் அச்சம் மெய்ப்பட்டு நிற்கிறது என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

துண்டறிக்கையில் இன்னொன்று, ‘விளையாட்டு வணக்கம்’. முன்கால்களைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி, விளையாட வா என்று நாய் கூப்பிடுமே, அதற்கு ஆங்கிலத்தின் ‘play bow’ என்பதை அப்படியே மொழிபெயர்த்து வைத்த பெயர். நாய் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை, அழைக்கிறது. விளையாட்டழைப்பு என்று சொன்னால் படிப்பவருக்கு உடனே விளங்கும். ‘தகவல் தொடர்பு’ என்றும் எழுதியிருந்தார்கள். அதற்கு இலங்கைத் தமிழரின் ‘தொடர்பாடல்’ எவ்வளவோ மேல், கொடுத்தலும் வாங்கலும் அதில் இருக்கிறது.

மொழிபெயர்ப்பவர்கள்மேல் இன்னொரு குறையும் உண்டு. நாய் எழுப்பும் எல்லா ஒலியும் அவர்கள் கையில் குரைப்பாகிவிடுகிறது. டார்வின் 1871லேயே வேட்டையில் குரைப்பது, சினந்து குரைப்பது, அடைபட்டு அழுவது, இரவில் ஊளையிடுவது எனப் பிரித்து எழுதினார். நம்மிடம் அதற்குச் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. கோபத்தை அடக்கி உறுமும், வலித்தால் முனகும், கதவருகே நின்று சிணுங்கும், தனிமையில் ஊளையிடும், வள்ளென்று விழும். உறுமலிலேயே வகை உண்டு. 2010இல் அதே புடாபெஸ்டுக்காரர்கள் எலும்புக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கியை ஒளித்து வைத்தார்கள். இரையைக் காக்கும் உறுமலைப் போட்டபோது எலும்பெடுக்க வந்த நாய் பின்வாங்கியது, அறியாத ஆளைக் கண்டு உறுமியதைப் போட்டபோது அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. உறுமல் என்றோ குரைப்பு என்றோ வேறுபாடில்லாமல் எழுதினால் இந்த ஆய்வைத் தமிழில் சொல்லவே முடியாது.

துண்டறிக்கையைப் பேனாவால் திருத்தி மறுநாள் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன். தலைப்பு, ‘நாயின் குறிப்பறிவோம்’. முதல் வரி, ‘உங்கள் நாய் ஓயாமல் குரைக்கிறதா? எந்தக் குரலில், யாரைப் பார்த்து, எப்போது என்று கவனியுங்கள்.’ வாலாட்டல் வரியை முழுதாக அடித்துவிட்டேன்.