பெத்தம்மாவின் தமிழ் எங்கே போயிருந்தது?

கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு ஒரு மொழி என்று கணக்கு வைக்க முடியாது. அடுப்படியில் தெலுங்கு, திண்ணையில் தமிழ், பெங்களூர் வியாபாரி போன் போட்டால் கன்னடம். அம்மாவின் அக்காவைப் பெரியம்மா என்று நாங்கள் கூப்பிட்டதே இல்லை. எங்களுக்கு அவர் பெத்தம்மா. நாற்பது வருஷம் மாங்காய் மண்டியில் உட்கார்ந்தவர். மூன்று மொழியிலும் விலை பேசுவார், மூன்றிலும் திட்டுவார்.

ஒரு ஜூன் மாதக் காலையில் லோடு இறங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய வலது கை துவண்டது. வாய் ஒரு பக்கம் கோணியது. ஏதோ சொல்ல வந்தார், வரவில்லை.

முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியில் தமிழில் கேள்வி கேட்டார்கள். "உங்க பேர் என்னம்மா? இடது கையைத் தூக்குங்க பார்ப்போம்." பெத்தம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு இல்லை, சொல்வது புரியவில்லை என்று ஃபைலில் எழுதினார்கள். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு என் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, தெளிவாக, "நீள்ளு" என்றார். தெலுங்கில் தண்ணீர். காலையில் நர்ஸிடம் சொன்னோம். அந்தப் பெண்ணுக்குத் தெலுங்கு தெரியாது. ஏதோ உளறல் என்று நினைத்துவிட்டார். ஃபைலில் எழுதியது எழுதியபடியே இருந்தது.

ஒரே ராத்திரியில் தமிழ் எங்கே போனது, தெலுங்கு மட்டும் எப்படித் தப்பித்தது? அதற்கு விடை தேடிப் போனதில் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை.

வலது கை விழுந்தால் கூடவே பேச்சும் ஏன் போகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். உடம்பின் வலது பாதியை ஆட்டுவது இடது மூளை. வலது கைப்பழக்கம் உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் மொழியும் இடது மூளையில்தான் பெரும்பாலும் நடக்கிறது. அங்கே கையை ஆட்டும் இடத்துக்கும் மொழி நடக்கும் இடத்துக்கும் பெரும்பாலும் ரத்தம் கொண்டுபோவது நடுப் பெருமூளைத் தமனி என்ற ஒரே குழாய். அதில் அடைப்பு விழுந்தால் கையும் பேச்சும் ஒன்றாகப் போகும். மூளை உடம்பு எடையில் 2 சதவீதம்தான் இருக்கும்; உடம்பு செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதத்தை அது வாங்கிக்கொள்ளும். இருப்பு வைத்துக்கொள்ளத் தெரியாத உறுப்பு. பெரிய குழாய் அடைத்துக்கொண்டால் நிமிஷத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று டாக்டர்கள் அவசரப்படுவது அதனால்தான்.

ஊரில் இதை "நாக்கு இழுத்துக்கிச்சு" என்பார்கள். சிலருக்கு அது சரிதான்: நாக்கு, உதட்டுத் தசைகள் பலவீனமாகிப் பேச்சு குழறும், ஆனால் சொல்ல வேண்டிய வார்த்தை மனதில் தயாராக இருக்கும். பெத்தம்மாவுடையது அது இல்லை. நாக்கை நீட்டினார், சுழற்றினார், சோறு மென்றார். வார்த்தைதான் கிடைக்கவில்லை. இதன் பெயர் அஃபேசியா. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது.

இதைவிட விசித்திரம் ஒன்று நடந்தது. மண்டியில் காய் எண்ணும்போது 'ஒன்று' என்று ஆரம்பிக்க மாட்டார்கள், 'லாபம்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். மூன்றாம் நாள் மாமா சும்மா விளையாட்டுக்கு "லாபம்..." என்று இழுத்தார். பெத்தம்மா, தமிழில், அதே மண்டி ராகத்தில், "ரெண்டு, மூணு, நாலு" என்று பத்து வரை ஓடிவிட்டார். நாங்கள் எல்லோரும் அழுதுவிட்டோம். உடனே மாமா மூன்று விரலைக் காட்டி, இது எத்தனை என்று கேட்டார். பதில் இல்லை.

வாய்ப்பாடு, கிழமைகளின் பெயர், சாமி பாட்டு, 'கோவிந்தா', கெட்ட வார்த்தை எல்லாம் தேய்ந்து தேய்ந்து தடம் பதிந்த பேச்சு. அங்கே ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுக்கும் வேலை இல்லை, முதல் சொல் அடுத்ததை இழுத்துக்கொண்டு வரும். வலது மூளையும் மூளையின் ஆழத்தில் இருக்கும் பகுதிகளும் இதைத் தாங்கிக்கொள்ளும் என்கிறார்கள். மூன்று விரலைப் பார்த்து 'மூணு' என்ற ஒற்றைச் சொல்லைப் பொறுக்கி எடுப்பது வேறு வேலை.

அந்த வேலைக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்று காட்டியவர் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா. 1861-ல் அவரிடம் வந்த லெபோர்ன் என்ற நோயாளிக்கு 21 வருஷமாக 'டான்' என்ற ஒரே சத்தம்தான் வாயில் வரும். சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தால் இடது நெற்றிப் பகுதியில் சிதைவு. 1874-ல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே இதற்கு நேரெதிரான ஆட்களைப் பற்றி எழுதினார்: பேச்சு சரளமாக ஓடும், பொருள் இருக்காது, அடுத்தவர் சொல்வதும் புரியாது, பழுது காதுக்குப் பக்கத்துப் பகுதியில். பாடப்புத்தகத்தில் இந்த இரண்டு இடங்களையும் இரண்டு வட்டமாகப் போட்டுவிடுவார்கள். விஷயம் அவ்வளவு சுத்தமாக இல்லை. பாதுகாத்து வைத்திருந்த லெபோர்னின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்து 2007-ல் வெளியிட்டார்கள். சிதைவு புரோக்கா கண்ணில் பட்டதைவிட வெகு ஆழத்துக்குப் போயிருந்தது. மொழி ஓர் அறையில் குடியிருக்கவில்லை, மூளைக்குள் பல ஊர்களை இணைக்கும் ரோடுகளாக ஓடுகிறது.

சரி, பெத்தம்மாவின் தெலுங்குக்கு வருவோம். 1881-ல் தியோடுல் ரிபோ என்ற பிரெஞ்சு அறிஞர் முதலில் கற்றதுதான் கடைசியில் போகும் என்றார். அப்படியென்றால் தாய்மொழி தப்பிக்கும். 1895-ல் ஆல்பர்ட் பித்ர் வேறு மாதிரி சொன்னார்: நோய் வருவதற்கு முன்னால் எதை அதிகம் புழங்கினாரோ அதுதான் முதலில் திரும்பும். பெத்தம்மா பகல் முழுக்கப் புழங்கியது தமிழ். ஆகவே எங்கள் வீட்டில் ஜெயித்தது ரிபோ. ஆனால் எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. பலமொழிக்காரர்களின் அஃபேசியாவை ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்த மொழியியலாளர் மிஷெல் பரடி தொகுத்துப் பார்த்ததில், பெரும்பாலானவர்களுக்கு எல்லா மொழியும் சேர்ந்தே அடிபட்டு, சேர்ந்தே திரும்புகின்றன. மிச்சப் பேருக்கு ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். சிலருக்கு ஒன்று வரும்போது இன்னொன்று போய்விடும்.

பரடியும் அவருடன் வேலை செய்தவர்களும் 1982-ல் எழுதிய ஒரு நோயாளியைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. மொராக்கோவில் நர்ஸாக இருந்த ஒரு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி. விபத்தில் தலையில் அடிபட்டது. ஒரு நாள் அரபி பேச வரும், பிரெஞ்சு வராது. இன்னொரு நாள் பிரெஞ்சு வரும், அரபி வராது. இதோடு நின்றால் பரவாயில்லை. எந்த மொழியில் அன்று சொந்தமாக ஒரு வாக்கியம் பேச முடியவில்லையோ, அதே மொழிக்கு மொழிபெயர்க்கச் சொன்னால் செய்தார்!

அப்படியானால் அந்த மொழி அழியவில்லை. உள்ளே இருக்கிறது, வெளியே வர வழி கிடைக்கவில்லை. எங்கள் ஊர்க்காரருக்குப் புரிகிற மாதிரி சொன்னால் கே.ஆர்.பி. அணை மாதிரி. அணையில் தண்ணீர் இருக்கிறது, ஷட்டர் ஏற மறுக்கிறது. இரண்டு மூன்று மொழி தெரிந்த ஆளின் மூளையில் பேசும்போது எல்லா மொழியும் விழித்தே இருக்கும். நெற்றிப் பகுதியும் ஆழத்தில் இருக்கும் சில முடிச்சுகளும் சேர்ந்து இப்போது வேண்டாததை அமுக்கி வைக்கின்றன. அந்தக் கட்டுப்பாடு இறுகிக்கொண்டால் ஒரு மொழி அடைபட்டுவிடும். கட்டுப்பாடே உடைந்தாலோ, 2017-ல் அணையின் ஷட்டர் ஒன்று உடைந்தபோது நடந்த கதைதான், வேண்டாமென்றாலும் கொட்டும். இத்தாலியில் ஃப்ரியூலியன், இத்தாலியன் இரண்டும் தெரிந்த ஒருவருக்கு இடது மூளையின் முன்பகுதியில் கட்டி. எதிரில் இருப்பவருக்கு ஃப்ரியூலியன் தெரியாது என்று தெரிந்தும் நடுநடுவே அதற்குத் தாவிவிடுவார். அவரால் நிறுத்த முடியவில்லை. 2000-ல் வெளியான ஆய்வு இது.

மொழி கலந்து பேசுவதே நோய் என்று நினைத்துவிடக் கூடாது. வேப்பனப்பள்ளி பஸ்ஸில் ஏறினால் ஒரு வாக்கியத்துக்குள் மூன்று மொழி ஏறி இறங்கும். கேட்பவருக்குப் புரியும் என்று தெரிந்து கலப்பது சாமர்த்தியம். புரியாதவரிடம் நிறுத்த முடியாமல் கலப்பதுதான் அறிகுறி. இதைப் பிரித்துப் பார்க்க, சோதிப்பவருக்கு அந்த ஊரின் பேச்சு தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்துப் பெங்களூரில் ஒரு மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். பேச்சு, மொழி நோயியல் துறைப் பேராசிரியை ஒருவர், கூடவே இரண்டு மாணவிகள். இந்தப் படிப்பு இங்கே நான்கு வருஷம். கடைசி வருஷம் முழுக்கப் பயிற்சி. 1965-ல் மைசூரில் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம்தான் இந்தியாவில் இதற்கு முன்னோடிகளில் ஒன்று. பாடம் நடத்துவது, ஆராய்ச்சி, நோயாளி மூன்றும் இந்தத் துறையில் ஒரே மேஜையில் நடக்கும் என்பதை அன்று பார்த்தேன்.

மாணவி தமிழ்ப் படச்சீட்டுக் கட்டோடு தயாராக இருந்தார். பேராசிரியை கட்டைக் கையால் மூடினார். "முதல்ல வீட்ல என்ன மொழின்னு கேளு. சின்ன வயசுல எது? கடையில எது? கனவு எதுலன்னுகூடக் கேளு." அரை மணி நேரம் எங்களிடம் கேள்விதான். பரடி 1987-ல் வெளியிட்ட இருமொழி அஃபேசியா சோதனையும் நோயாளியின் மொழி வரலாற்றில்தான் தொடங்குகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அப்புறம் படம். மாம்பழம். பெத்தம்மா உதட்டை அசைத்தார். மாணவி அவசரப்பட்டு "மா..." என்று எடுத்துக் கொடுத்தார். பெத்தம்மா, "மாமிடிபண்டு" என்றார். மாணவிக்குச் சந்தோஷம். பேராசிரியை தலையசைத்தார்: "தமிழ்ல மாம்பழம், தெலுங்குல மாமிடி, கன்னடத்துல மாவு. மூணுக்கும் 'மா'தான். நீ எந்தக் கதவத் தட்டினேன்னு உனக்கே தெரியாது. சோதிக்கணும்னா பூனையைக் காட்டு." தமிழில் பூனை, தெலுங்கில் பில்லி, கன்னடத்தில் பெக்கு. மூன்றுக்கும் சம்பந்தமே இல்லை. சிகிச்சை என்று வந்தால் கதை தலைகீழ்: மாம்பழம், உப்பு மாதிரி மூன்று மொழியிலும் ஒட்டி வரும் சொற்கள்தான் முதலில் வசப்படும். ஒரு மொழியின் கயிறு இன்னொன்றைத் தூக்கிவிடும்.

ஒரு பொருளின் பெயரைச் சொல்ல, முதலில் பொருள் மனதில் எழ வேண்டும், பிறகு அதற்கான சொல், பிறகு அந்தச் சொல்லின் ஒலிகள், கடைசியில் தசை. உங்களுக்கும் எனக்கும் படத்தைப் பார்த்ததிலிருந்து வாய் திறப்பது வரை ஒரு வினாடிகூட ஆகாது. பெத்தம்மாவுக்குப் பொருள் எழுந்தது, சொல்லுக்குப் போகும் வழிதான் அடைபட்டிருந்தது. அதனால் நேர் வழியை விட்டுச் சுற்று வழியில் போனார்கள். இது என்ன வகை? எங்கே கிடைக்கும்? எதற்கு உபயோகம்? பார்க்க எப்படி? இதைப் பார்த்தால் வேறு என்ன ஞாபகம் வரும்? தோத்தாபுரிப் படத்துக்குக் கடைசிக் கேள்வியில் பெத்தம்மா மூக்கைத் தொட்டுக் காட்டினார். மாணவிக்கு விளங்கவில்லை. நான்தான் சொன்னேன், எங்கள் ஊரில் அதைக் கிளிமூக்கு மாங்காய் என்போம். பேராசிரியை அதை நோட்டில் எழுதிக்கொண்டார். சொல்லைச் சுற்றி இருக்கும் அர்த்தங்களை ஒவ்வொன்றாக உசுப்பினால் நடுவில் இருக்கும் சொல்லும் விழித்துக்கொள்ளும் என்பதுதான் இந்த முறையின் அடிப்படை.

எந்த மொழியில் பயிற்சி கொடுப்பது? தெலுங்கில் மட்டும் கொடுத்தால் தமிழ் கெடுமோ என்று மாமாவுக்குப் பயம். லிசா எட்மண்ட்ஸும், இப்போது பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாக இருக்கும் ஸ்வாதி கிரணும் 2006-ல் ஆங்கிலம், ஸ்பானிஷ் தெரிந்த மூன்று பேரை வைத்துச் செய்த ஆய்வு இங்கே கைகொடுக்கிறது. ஆங்கிலம் பலமாக இருந்தவர்களுக்குப் பலவீனமான ஸ்பானிஷில் பயிற்சி கொடுத்தபோது, சொல்லித்தராத ஆங்கிலச் சொற்களும் மேம்பட்டன. பலமான மொழியில் கொடுத்தபோது பலன் மற்றதற்குத் தாவவில்லை. மூன்றே பேர், அதனால் இதையே சட்டமாக்க முடியாது. ஆனாலும் பெத்தம்மாவுக்குத் தமிழையும் தொடச் சொன்னார் பேராசிரியை.

பல மொழி தெரிந்தால் மூளைக்குக் கவசமா என்று கேட்பவர்களுக்காக ஒன்று. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி தலைமையில், பக்கவாதம் வந்த 608 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016-ல் வந்தது. பக்கவாதத்துக்குப் பின் நினைவும் கவனமும் பழுதில்லாமல் இருந்தவர்கள் பலமொழிக்காரர்களில் 40.5 சதவீதம், ஒரு மொழிக்காரர்களில் 19.6. ஆனால் அஃபேசியா வந்த விகிதத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. மொழி அதிகம் தெரிந்ததால் மொழி தப்பிக்கவில்லை.

ஆறு மாதத்தில் தமிழ் திரும்பியது, கொஞ்சம் மெதுவாக. கன்னடத்தை யாரும் தொடவே இல்லை. அடுத்த சீசனில் பழைய வியாபாரி ஒருவர் போனில் வந்தார், ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தோம். அவர் சொன்ன விலையைக் கேட்டு பெத்தம்மா, "ஆகல்ல" என்றார். முடியாது. ஒரு மூச்சு விட்டு, கன்னடத்திலேயே தன் விலையைச் சொன்னார். போனை வைத்ததும் என்ன விலை சொன்னாய் என்று மாமா தமிழில் கேட்டார். பெத்தம்மா யோசித்தார், விரலை மடக்கினார், பிறகு, "லாபம், ரெண்டு..." என்று எண்ண ஆரம்பித்தார்.