நிலவறைச் சுவரின் உள்பக்கம் பெயின்ட் அடித்து நீரை நிறுத்த முடியாது

கோவை வாலாங்குளம் பக்கம் ஒரு பழைய வீடு. தரைக்குக் கீழே சரக்கு வைக்க எடுத்த அறை. போன கோடையில் சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஐப்பசி முடிவதற்குள் பெயின்ட் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளித்துவிட்டது. குத்தினால் தண்ணீர் வடிகிறது. இப்போதும் அவர்கள் கேட்பது, "இதைவிட நல்ல கம்பெனி பெயின்ட் இருந்தாச் சொல்லுங்க" என்பதுதான். கோவையிலும் ஈரோட்டிலும் நிலவறை உள்ள பழைய வீடுகள் அதிகமில்லை. இருக்கிற கொஞ்ச வீடுகளிலும் வருஷா வருஷம் பணம் இப்படியே சுவரில் கரைகிறது.

கம்பெனியை மாற்றிப் பயனில்லைங்க. வெளியே மண்ணில் ஒரு மீட்டர் உயரம் நீர் நின்றால், சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம். ஐந்தடி நின்றால் ஒன்றரை டன். மொட்டை மாடியில் அடித்த கோட்டிங் நிற்கிறதே என்பார்கள். அங்கே நீர் கோட்டிங்கின் மேல் நிற்கிறது. அதன் எடையே கோட்டிங்கைத் தளத்தோடு சேர்த்து அழுத்துகிறது. நிலவறையில் நீர் பின்பக்கமிருந்து வந்து, பெயின்ட்டைச் சுவரிலிருந்து பிய்த்துத் தள்ளுகிறது. உப்புப் பூத்து மாவாகிப்போன பூச்சில் அந்தப் பெயின்ட்டுக்கு என்ன பிடிமானம் இருக்கும்? இரண்டு கோட் அடித்தாலும் ஐந்து கோட் அடித்தாலும் கதை இதுதான்.

அடுத்த தவறு, உள்பக்கம் சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டுவது. பழைய வீடுகளின் கீழ்ச்சுவர் பெரும்பாலும் கருங்கல், சுண்ணாம்புக் காரைக் கட்டு. அது ஈரத்தை இழுக்கும், காற்றில் விட்டுக் காயும். சிமென்ட்டும் டைல்ஸும் போட்டு அந்த வழியை அடைத்தால் ஈரம் மேலே ஏறும். நேற்றுவரை கீழே மட்டும் இருந்த ஓதம் அடுத்த வருஷம் மேல் வீட்டு ஹால் சுவரில் தெரியும். கிரிஸ்டலைன் பவுடர் விற்பவரிடமும் ஒன்று கேளுங்கள்: இது கான்கிரீட்டுக்கா, கல்கட்டுக்கா? அது சிமென்ட்டோடு வினை செய்து துளை அடைக்கும் சரக்கு. சுண்ணாம்புக் கட்டில் அதற்கு வேலையே இல்லை.

முதலில் எந்தத் தண்ணீர் என்று கண்டுபிடியுங்கள். மழை பெய்த சில மணி நேரத்தில் வந்து, வெயில் அடித்ததும் நின்றால் அது மேல்தண்ணீர். மழை விட்டு வாரக்கணக்கில் கசிந்தால் நிலத்தடி நீர். கோவையில் பல இடங்களில் கொஞ்ச ஆழத்திலேயே பாறை. இறங்கிய நீர் அதன் மேல் தேங்கிப் பக்கவாட்டில் பரவும். உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும் நிறைந்தால் அக்கம்பக்கத்துக் கிணறுகளும் ஏறும், உங்கள் சுவரும் நனையும். சித்திரை வெயிலிலும் ஈரம் காயவில்லை என்றால் குழாய், சம்ப், செப்டிக் டேங்க் மூன்றில் ஒன்று. இரவு எல்லாக் குழாயையும் மூடி மீட்டரைக் குறித்துக்கொண்டு காலையில் பாருங்கள். சம்ப்புக்குத் தண்ணீர் வருவதை நிறுத்தி, மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். வெறும் காற்று ஈரமா என்ற சந்தேகமும் இருந்தால், இரண்டடிச் சதுரப் பாலிதீன் ஷீட்டை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அறைப் பக்கம் துளி நின்றால் காற்று ஈரம்; எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். சுவர்ப் பக்கம் நின்றால் கசிவு.

மேல்தண்ணீர் என்றால் செலவு அதிகம் ஆகாது. மாடித் தண்ணீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா? பத்தடி தள்ளிக் கொண்டுபோங்கள். சுவரிலிருந்து பத்தடிக்கு அரையடி வாட்டம் வரும்படி தரையைச் சரிசெய்யுங்கள். சுவரை ஒட்டிய பூச்செடிப் பாத்தியை எடுத்துவிடுங்கள். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசரத்துக்குச் சுவர் ஓரமாகவே குழி எடுத்தவர்கள் உண்டு. நிலவறைச் சுவரை ஒட்டி அந்தக் குழி இருந்தால், நாமே தண்ணீரைச் சேர்த்து உள்ளே அனுப்புகிறோம். குழி வேண்டாம் என்று சொல்லவில்லை, தள்ளி வையுங்கள் என்கிறேன்.

நிலத்தடி நீர் என்றால், வெளியே இடம் இருக்கும் வீட்டில் பங்குனி, சித்திரையில் சுவரை ஒட்டித் தோண்டுவதே சரியான வேலை. மூன்றடி அகலம், ஒரு சமயத்தில் ஐந்தாறு அடி நீளம் மட்டும். முழுப் பக்கத்தையும் ஒரேயடியாகத் திறந்தால் கல்கட்டு பிதுங்கிச் சரியும். அஸ்திவாரத்துக்குக் கீழே கடப்பாரை போகவே கூடாது. கல் சந்துகளைச் சுத்தம் செய்து அடைத்து, 1:3 சிமென்ட் பூச்சு. அது நன்றாகக் கெட்டியானதும் பாலிமர் சிமென்ட் கோட்டிங், ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு கை. அதன்மேல் மண் கீறாமலிருக்கக் காப்பு ஷீட். அடியில் துளை போட்ட 4 இஞ்ச் பிவிசி குழாய், துளை கீழ்ப்பக்கம் பார்க்க, நூற்றுக்கு ஒன்று வாட்டம். சுற்றிலும் முக்கால் இஞ்ச் ஜல்லி, அதற்கு மேல் நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ துணி. துணி போடாவிட்டால் சில மழையிலேயே சேறு குழாயை அடைத்துவிடும். தோண்டிய கரிசலையே திரும்பக் கொட்டாதீர்கள். மழைக்கு ஊதிச் சுவரைத் தள்ளும், வெயிலுக்கு வெடித்து அடுத்த மழைக்கு வழி விடும். கிராவல் போட்டு அரையடி அரையடியாகத் திமிசு போட்டு இறுக்குங்கள்.

கோவை ராஜ வீதி மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் தோண்ட இடம் ஏது? அங்கே நீரைத் தடுக்க நினைக்காதீர்கள், வழி விடுங்கள். பொங்கி வரும் ஓட்டையை மட்டும் உடனடியாக இறுகும் சிமென்ட்டால் அடையுங்கள். சுவரை ஒட்டித் தரையில் ஒரு அடி அகலம் வெட்டி இதே மாதிரி ஜல்லிக் கால்வாய், கடைசியில் 2 அடிக்கு 2 அடி, 3 அடி ஆழக் குழி, நீர் மட்டம் ஏறினால் தானாக ஓடவைக்கும் ஃப்ளோட் சுவிட்ச் உள்ள அரை எச்பி சப்மெர்சிபிள் பம்ப், ஏற்றிய நீர் திரும்பி வராமலிருக்க நான்-ரிட்டர்ன் வால்வு. இங்கேயும் அஸ்திவாரத்துக்குக் கீழே போகக் கூடாது. பழைய கல்கட்டில் அதன் ஆழத்தைப் பார்த்த பிறகுதான் குழியின் இடம் முடிவாகும். சுவரில் குமிழ் வைத்த எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) ஷீட் அடித்தால் கசிவு அதன் பின்னாலேயே இறங்கிக் கால்வாய்க்குப் போகும். ஷீட் வேண்டாம் என்றால் சுண்ணாம்புப் பூச்சோடு நிறுத்துங்கள். உப்புப் பூத்தால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். பம்ப் தண்ணீரைப் பாதாளச் சாக்கடையில் விடாதீர்கள், மழைநீர் வடிகாலுக்குத்தான் விட வேண்டும். கனமழையில்தான் கரண்ட் போகும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் வாங்கிய சின்ன இன்வெர்ட்டர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும் இழுவையைத் தாங்காது. புரட்டாசியிலேயே குழியில் நீர் ஊற்றி, பம்ப் தானாக எடுத்துத் தானாக நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அறை மூழ்கிவிட்டால் பதறி ஒரே நாளில் இறைக்காதீர்கள். சுற்றி மண் ஊறி நிற்கும்போது காலி அறை, கிணற்றில் அமுக்கிய வெறும் குடம் மாதிரி. தரை மேலே தூக்கும், சுவர் உள்ளே பிதுங்கும். நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு இறைத்து, மறுநாள் மட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துத் தொடருங்கள். மெயினை மேலேயே அணைக்காமல் யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. மெயின் போர்டே கீழே இருந்தால் அதைத் தொடாதீர்கள், மின்வாரியத்தைக் கூப்பிட்டு இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு முதல் வேலையாக போர்டை மேல் வீட்டுக்கு மாற்றி, மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடுங்கள். தயவுசெய்து பெட்ரோல், டீசல் இன்ஜின் பம்பை அறைக்குள்ளோ படிக்கட்டிலோ வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, இறங்கியவர் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். இன்ஜின் தெருவில் இருக்கட்டும், ஹோஸ் மட்டும் உள்ளே போகட்டும்.