முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு பைக்: சென்டர் ஸ்டாண்ட் போடுவது யார்?

முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து பிசியோதெரபிக்கு வருகிறவர்களில் பைக் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரு கேள்வியைக் கையோடு கொண்டுவருவார்கள். "சார், எப்ப வண்டி எடுக்கலாம்?" சிலர் தையல் பிரிப்பதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "வீட்டில் வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போடுவது யார்?" சிரிப்புதான் பதிலாக வரும். அதையெல்லாம் ஒரு வேலையாக யாரும் கணக்கில் வைப்பதில்லை.

ஆனால் நன்றாகத் தேறிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும்போது விசாரித்தால், பழி பெரும்பாலும் சாலை மேல் விழாது. நின்றுபோன வண்டியைத் தள்ளினேன், கிக்கரை நாலு உதை உதைத்தேன், குந்தி உட்கார்ந்து செயினைத் துடைத்தேன், பேட்டரியைக் கழற்றினேன் என்றுதான் கதை போகும். "ஓட்டக் கூடாதுன்னுதானே சொன்னீங்க, ஓட்டவே இல்லையே" என்று அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மருத்துவர்கள் நாங்களும் ஓட்டுவதைப் பற்றி மட்டுமே சொல்லி அனுப்புகிறோம்.

முதலில் எந்த ஆபரேஷன் என்று தெரிந்துகொள்ளுங்கள். முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கில், பிதுங்கி நரம்பை அழுத்திய துண்டை மட்டும் எடுத்திருக்கலாம். நரம்புப் பாதையை நெருக்கிய எலும்பைச் செதுக்கி இடம் உண்டாக்கியிருக்கலாம். ஸ்க்ரூவும் ராடும் வைத்து இரண்டு எலும்புகளை இணைத்திருக்கலாம். டிஸ்க் துண்டு எடுத்தவர்களுக்குக் கால்வலி பெரும்பாலும் சீக்கிரமே விட்டுவிடும், ஆபத்தும் அதில்தான். வலி போனாலும் டிஸ்க்கின் வெளி உறையில் இருக்கும் ஓட்டை மூட வாரக்கணக்கில் ஆகும். அதுவும் தழும்புத் திசுவால்தான் மூடுகிறது, பழைய உறுதி அப்படியே திரும்புவதில்லை. இவர்களில் நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்குவதாக ஆய்வுகள் சொல்கின்றன. எலும்பை இணைத்தவர்கள் கதை வேறு. ஸ்க்ரூ அன்றைக்கே பிடித்துக்கொள்ளும், எலும்பு ஒட்டுவதற்கு 3 முதல் 6 மாதம் பிடிக்கும், முழுதாக இறுக ஒரு வருடம்கூட ஆகலாம். எலும்பு ஒட்டும் வரை தாங்கிப் பிடிப்பதுதான் அந்த உலோகத்தின் வேலை. புகைபிடிப்பவர்களுக்கு ஒட்டுவது இன்னும் தாமதமாகும், சிலருக்கு ஒட்டாமலே போகும்.

ஆகவே டிஸ்க் மட்டும் எடுத்தவர்களுக்குப் பொதுவாக 6 முதல் 12 வாரம், இணைப்பு செய்தவர்களுக்கு 3 முதல் 6 மாதம் கழித்துத்தான் பைக் பற்றிப் பேசவே ஆரம்பிப்போம். உங்கள் சர்ஜன் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்வதே இறுதி. பக்கத்து பெட்காரர் ஒரே மாதத்தில் ஓட்டிக்கொண்டு போனார் என்பது அவருடைய முதுகின் செய்தி.

இனி அந்த சென்டர் ஸ்டாண்டுக்கு வருவோம். 1999-இல் ஜெர்மனியில் வில்கே என்ற ஆய்வாளரின் குழு, ஒரு தன்னார்வலரின் கீழ்முதுகு டிஸ்க்குக்குள் அழுத்தமானியை வைத்து அன்றாட அசைவுகளை அளந்தது. நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். படுத்திருக்கும்போது 0.1. இருபது கிலோ சுமையை முதுகை வளைத்துக் குனிந்து தூக்கியபோது 2.3. அதே சுமையை முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. வெறும் 20 கிலோவுக்கே இப்படி. பைக்கின் எடை 110 கிலோவில் தொடங்கி 190-ஐத் தாண்டும். முழு எடையையும் நாம் தூக்குவதில்லைதான். ஆனால் பின்பக்கக் கம்பியைப் பிடித்து, குனிந்து, ஒரு பக்கமாகத் திரும்பி, மூச்சைப் பிடித்து ஒரே வெட்டில் இழுக்கிறோமே, அறுவை செய்த டிஸ்க்குக்கு எதெல்லாம் ஆகாதோ அதெல்லாம் அந்த ஒரு நொடியில் சேர்ந்து வருகிறது.

உண்மையில் சென்டர் ஸ்டாண்ட் கையால் தூக்கிப் போடுவது அன்று, காலால் மிதித்துப் போடுவது. ஸ்டாண்டின் இரண்டு கால்களும் தரையைத் தொடுகின்றனவா என்று முதலில் பாருங்கள். பிறகு நிமிர்ந்தபடி மிதிகட்டையின் மேல் உடம்பின் எடை முழுவதையும் இறக்குங்கள். கைகள் வண்டி சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு விரல்கடை உயரத்துக்குப் பலகை வைத்து, அதன்மேல் சக்கரத்தை ஏற்றிவிட்டு மிதித்தால் பாதி உழைப்பு மிச்சம். இதைத் தெரிந்துகொண்டாலும் முதல் மூன்று மாதத்துக்கு சைடு ஸ்டாண்டே போதும் என்பது என் கட்சி. ஸ்டாண்டிலிருந்து இறக்கும்போது வரும் குலுக்கலையும் மறந்துவிட வேண்டாம்.

கிக்கரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒற்றைக் காலில் நின்று, இடுப்பை முறுக்கி, மொத்த எடையையும் இறக்கி உதைப்பது. கிக்கர் எதிர்த்து அடித்தால் அந்த அதிர்ச்சி நேராக இடுப்புக்கு ஏறும். செல்ஃப் ஸ்டார்ட் வேலை செய்யாத வண்டியை எடுக்க என் நோயாளிகளுக்கு நான் சம்மதிப்பதில்லை.

வண்டியைத் தள்ளுவதில் நிறுத்தும் இடம் முக்கியம். சரிவில் முன்சக்கரத்தைச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், எடுக்கும்போது மேட்டை நோக்கிப் பின்னால் இழுக்க வேண்டும். சமதளத்தில், வெளியே பார்த்தபடி நிறுத்துங்கள். தள்ளியே ஆகவேண்டுமென்றால் இடுப்பை சீட்டோடு சாய்த்துக் கால்களால் தள்ளுங்கள். வண்டி சாயத் தொடங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். கண்ணாடி உடைந்தால் மாற்றலாம்.

பழுது பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது இன்னும் சிக்கல். ஆபரேஷன் முடிந்து என்னிடம் வந்த ஒரு மெக்கானிக், "வெயிட்டே தூக்க மாட்டேன் சார், எஞ்சின் இறக்குறது ஏத்துறது எல்லாம் பையன்தான்" என்று உறுதியாகச் சொன்னார். வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். ஒரு சாண் உயர முக்காலியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் குனிந்து வேலை. துருப்பிடித்த ஆக்சில் நட்டை நீளமான ஸ்பேனர் போட்டு இழுப்பது. இறுகியிருந்த நட்டு திடீரென்று விடும்போது உடம்பு பின்னால் தூக்கி எறியப்படும். பிறகு குனிந்த வாக்கிலேயே திரும்பி, பின்னால் கிடக்கும் சக்கரத்தை எடுப்பது. எஞ்சினைத் தொடாமலே முதுகுக்கு இவ்வளவு வேலை.

அரைமணி நேரம் குனிந்தே இருந்தால் முதுகின் தசைநார்கள் நீண்டு இளகிப்போகும். அவை பழைய நிலைக்கு வரச் சில நிமிடமாவது ஆகும். அந்த இடைவெளியில் சின்னச் சுமைகூட விபரீதமாகலாம். அதேபோல இரவெல்லாம் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை இழுத்து ஊதியிருக்கும். காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவது அவற்றுக்கு ஆகாது. விடிந்ததும் வண்டியைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடும் பழக்கம் இருந்தால் மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டது, வண்டியை அவர் உயரத்துக்குக் கொண்டுவருவதுதான். லிஃப்ட் டேபிள் மேல் ஏற்றிவிட்டால் சக்கரம் இடுப்புக்கு நேராக வந்துவிடும். அது முடியாத வேலைகளுக்கு ஒரு முழங்காலைத் தடித்த மெத்தை மேல் ஊன்றிக்கொண்டால் முதுகு வளையாது. இறுகிய நட்டுக்கு முதல்நாளே துரு இளக்கும் எண்ணெய், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து ஒரு நடை. கடைசியாகச் சொன்னதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கையில் வேலை இருக்கும்போது எழுந்திருக்க மனம் வராது.

வீட்டில் நின்ற வண்டிக்கும் நோய் வரும். பேட்டரி இறங்கியிருக்கும், கார்புரேட்டர் வண்டியென்றால் பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைத்திருக்கும், டயரில் காற்று இறங்கியிருக்கும், பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் சுற்ற மறுக்கும். இப்படிப்பட்ட வண்டியை நீங்களே தள்ளிப் பார்த்து, உதைத்துப் பார்த்து உயிர்ப்பிக்க வேண்டாம். நீங்கள் ஏறுவதற்கு ஒரு வாரம் முன்பே மெக்கானிக் வந்து எடுத்துப் போகட்டும். வழக்கமான சர்வீஸோடு, பின்பக்க ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா, முன் ஃபோர்க்கின் ஆயில் சீல் நன்றாக இருக்கிறதா, ஹேண்டில் திரும்பும்போது கோன் செட் இடிக்கிறதா, சீட்டின் ஸ்பாஞ்ச் அமுங்கிச் செத்துவிட்டதா என்று தனியாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் போன ஷாக்கில் வெறும் ஸ்பிரிங் மட்டுமே இருக்கும். ஒரு பள்ளத்துக்கு வண்டி பலமுறை குதிக்கும்.

உட்கார்ந்த நிலையில் மனித முதுகெலும்பு நொடிக்கு 4 முதல் 6 முறை வரும் மேல்கீழ் அதிர்வுக்குத்தான் அதிகமாகக் குலுங்கும். சக்கரம் தரும் அதிர்வைவிட முதுகு கூடுதலாகவே ஆடும். கரடுமுரடான சாலையில் வண்டி தருவதும் ஏறக்குறைய அந்த வேகத்து அதிர்வைத்தான். டயரில் "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று காற்றை ஏற்றினாலும், பின் ஷாக்கைக் கடைசி வரை இறுக்கி வைத்தாலும் ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும். தனியாக ஓட்டுபவர் ஷாக்கைத் தளர்ந்த பக்கமாகவே வைத்துக்கொள்ளலாம். காற்று, வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள அளவு.

வண்டி தயார் என்றால் அடுத்தது கால். கால் எதற்கு என்று கேட்பார்கள். முதுகில் அழுந்திய நரம்பு போய்ச் சேரும் இடம் கால்தானே. ஐந்தாவது இடுப்பு நரம்பு பாதத்தையும் பெருவிரலையும் மேலே தூக்கும். இடது காலில் அது பலவீனமாக இருந்தால் கியர் லிவரை மேலே தூக்குவது தடுமாறும். அதற்கு அடுத்து வரும் முதல் திரிக நரம்பு பாதத்தைக் கீழே அழுத்தும். வலது காலில் அது பலவீனமென்றால் பின் பிரேக்கின் அழுத்தம் குறையும். பாதம் மரத்திருந்தால் இன்னும் மோசம், பிரேக்கை எவ்வளவு அழுத்தினோம் என்பதே தெரியாது.

சோதனை சுலபம். குதிகாலில் பத்தடி, நுனிக்காலில் பத்தடி நடங்கள். சுவரை லேசாகத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து முறை குதிகாலைத் தூக்குங்கள். இரண்டு கால்களுக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது. அரைமணி நேரம் நடந்தாலும், முதுகுச் சாய்மானம் இல்லாமல் அரைமணி நேரம் உட்கார்ந்தாலும் கால்வலி இறங்கக் கூடாது. கடைசியாக, நிற்கும் வண்டியில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாறி மாறிக் காலூன்றி, தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்து, சட்டென்று பிரேக்கை மிதித்துப் பாருங்கள். முகம் சுளித்தால் அன்றைக்கு வேண்டாம்.

"அப்ப ஸ்கூட்டர் எடுத்துக்கறேன்" என்பார்கள். கியர் இல்லை, எடை குறைவு, உண்மைதான். ஆனால் சின்னச் சக்கரம் பள்ளத்தில் ஆழமாக இறங்கும். கால் இரண்டும் முன்னால் நீட்டியிருப்பதால் வேகத்தடையில் பிருஷ்டத்தைச் சற்றுத் தூக்கிக்கொள்ளவும் முடியாது, குதிப்பதெல்லாம் நேராக இடுப்பில் இறங்கும். ஃபுட்ரெஸ்ட் இடுப்புக்குக் கீழே வரும், நிமிர்ந்து உட்காரும் சாதாரண பைக்கே என் தேர்வு. முன்னால் சாய்ந்து ஓட்டும் ஸ்போர்ட்ஸ் பைக்கும், காலை முன்னால் நீட்டும் க்ரூசரும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும். பின்சீட்டில் உட்காருவது பத்திரம் என்ற எண்ணமும் தவறு. பின்சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்திருப்பதால் தூக்கிப்போடுவது அங்கேதான் அதிகம், பள்ளம் வருவதும் தெரியாது. ஒருபக்கமாக உட்கார்ந்தால் இடுப்பு வழியெல்லாம் முறுகியே இருக்கும்.

இடுப்பு பெல்ட் போட்டுக்கொண்டு ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: பெல்ட் அதிர்வைத் தடுக்காது. குனியாதே என்று நினைவூட்டும், அவ்வளவுதான். மாத்திரைதான் யாரும் கேட்காத விஷயம். நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின், காபாபென்டின், வலி மாத்திரையான டிராமடால் எல்லாம் தூக்கக் கலக்கத்தைத் தரும். அவற்றை எடுத்துக்கொண்டிருக்கும் வரை வண்டி வேண்டாம். எண்ணம் தெளிவாக இருப்பதுபோல் தோன்றினாலும் பிரேக் பிடிக்கும் கால் தாமதிக்கும். ஓட்டுவதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம், மருத்துவரிடம் கேட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டம் பத்து நிமிடம், நல்ல சாலை, கூட்டமில்லாத நேரம், தனியாக. பையை முதுகில் மாட்டாமல் வண்டியில் கட்டுங்கள். இறங்கியதும் வலி இல்லை என்று மறுபடி கிளம்பாதீர்கள். மறுநாள் காலை எழும்போது முதுகு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு நேரத்தைக் கூட்டுங்கள். முதுகில் லேசான பிடிப்பு வந்து ஒரு நாளில் போனால் கவலையில்லை. பழைய கால்வலி திரும்பினாலோ பாதம் தொங்கினாலோ ஓட்டுவதை நிறுத்திவிட்டு சர்ஜனைப் பாருங்கள். மலவாயைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது, மலமோ சிறுநீரோ அறியாமல் போவது, இரண்டு கால்களும் ஒன்றாகத் துவள்வது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, யாரையாவது கூட்டிக்கொண்டு அந்த மணி நேரத்திலேயே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.