தப்பா தண்டனை குடுத்துட்டு அப்புறம் விடுதலை பண்ணா நஷ்டஈடு கெடைக்குமா? ரூல் என்ன சொல்லுது

மொதல்லயே சொல்லிடறேன், கோர்ட் விடுதலை பண்ணிட்டா பின்னாடியே செக் வந்துடும்னு நெறைய பேர் நெனைச்சுக்கிட்டு இருக்காங்க, அப்படி இல்ல. விடுதலை வேற, நஷ்டஈடு வேற. எந்த காரணத்துக்காக விடுதலைன்னு தீர்ப்புல எழுதியிருக்கற அந்த நாலு வரிதான் பெரும்பாலும் காசு வருமா வராதான்னு முடிவு பண்ணுது.

இதுக்கு உலக அளவுல அடிப்படையா இருக்கறது ஐநாவோட குடிமை மற்றும் அரசியல் உரிமைகள் உடன்படிக்கை. 1966ல போட்டது, 1976ல அமலுக்கு வந்துச்சு. அதுல 14வது பிரிவோட 6வது உட்பிரிவுதான் நம்ம விஷயம். சட்ட பாஷைய எடுத்துட்டு சொன்னா, ஒருத்தருக்கு இறுதியா தண்டனை உறுதியாகி, அவர் அத அனுபவிச்சு, அப்புறம் புதுசா வெளிய வந்த ஒரு உண்மையால நீதி தப்பா போயிடுச்சுன்னு சந்தேகத்துக்கு இடமில்லாம தெரிஞ்சு, அதனால அந்த தண்டனை ரத்தாகியோ மன்னிப்பு குடுத்தோ இருந்தா, சட்டப்படி அவருக்கு நஷ்டஈடு குடுத்தாகணும். அந்த உண்மை லேட்டா வெளிய வந்ததுக்கு அவரே காரணமா இருந்தா மட்டும் கெடையாது. படிக்க நியாயமாத்தான் இருக்கு, ஆனா ஒவ்வொரு வார்த்தையும் ஒரு கேட் மாதிரி, அங்கங்க ஆள நிறுத்திடும்.

"இறுதியா"ங்கற வார்த்தைய எடுத்துக்கோங்க. கீழ் கோர்ட்ல தண்டனை, வழக்கமான அப்பீல்லயே ரத்து ஆயிடுச்சுன்னா இந்த ரூல் பொருந்தாதுன்னு ஐநா மனித உரிமைக் குழு 2007ல குடுத்த விளக்கத்துலயே தெளிவா சொல்லிட்டாங்க. அந்த அப்பீல் முடியறதுக்கே எட்டு வருஷம் ஆகி எட்டு வருஷமும் உள்ளயே இருந்திருந்தாலும் கணக்கு அதேதான். அதே மாதிரி வயசாயிடுச்சு, உடம்பு முடியலன்னு இரக்கப்பட்டு மன்னிப்பு குடுத்தா அதுவும் இதுல வராது. விசாரணைக் கைதியா பல வருஷம் இருந்துட்டு விசாரணை கோர்ட்லயே விடுதலை ஆனவங்களுக்கு தண்டனையே விழலங்கறதால அவங்களும் வெளிய. கைதே சட்டவிரோதம்னு காட்ட முடிஞ்சா அதுக்கு 9வது பிரிவு 5வது உட்பிரிவு தனியா இருக்கு.

அடுத்து "புது உண்மை". ஆளே மாறிப்போன அடையாள சாட்சி, அடிச்சு வாங்குன வாக்குமூலம், போலீஸ் ஃபைல்லயே அமுக்கி வச்ச ஆவணம், தப்பான தடயவியல் ரிப்போர்ட், பல கேஸ் இப்படித்தான் கவிழ்ந்திருக்கு. ஜப்பான்ல இவாவோ ஹகமாடா கேஸ் பாருங்க. 1966ல கைது, 1968ல மரண தண்டனை. கைதாகி ஒரு வருஷத்துக்கு மேல ஆனப்புறம் ஒரு மிசோ (சோயாவ புளிக்க வச்சு செய்யற ஜப்பான் விழுது) தொட்டிக்குள்ள ரத்தக்கறை துணி கெடைச்சுதுன்னு கொண்டாந்தாங்க, அதுதான் முக்கிய ஆதாரமே. அவ்ளோ நாள் மிசோல ஊறின துணில கறை எப்படி சிவப்பாவே இருக்கும்னு பின்னாடி சோதனை பண்ணி காட்டி, அதுதான் மறுவிசாரணைக்கு கதவைத் திறந்துச்சு. 2014ல வெளிய விட்டாங்க, 2024 செப்டம்பர்ல நிரபராதின்னு தீர்ப்பு, அந்த துணி ஜோடிச்ச ஆதாரம்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. அங்க நஷ்டஈட்டு சட்டப்படி உள்ள இருந்த ஒவ்வொரு நாளுக்கும் அதிகபட்சம் 12,500 யென், அந்த கணக்குல 2025ல அவருக்கு சுமார் 21.7 கோடி யென் குடுத்தாங்க. பெரிய தொகையா தெரியும், 47 வருஷத்துக்கு மேல உள்ள இருந்தவர்ங்கறதையும் சேர்த்து பாருங்க.

பழிய அவர் மேலயே திருப்பி போடற வேலையும் நடக்கும், "நீ ஏன் இத அப்பவே சொல்லல"ன்னு. ஆனா லேட்டானதுக்கு அவர்தான் காரணம்னு நிரூபிக்க வேண்டியது அரசாங்கம், அவர் இல்ல. இத நெறைய பேர் தலைகீழா புரிஞ்சு வச்சிருக்காங்க.

எனக்கு ரொம்ப உறுத்தற இடம் பிரிட்டன்ல இருக்கு. இதே ஐநா ரூல வச்சுத்தான் அங்க 1988 குற்றவியல் நீதிச் சட்டத்துல 133வது பிரிவு வந்துச்சு. 2014ல இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் அத திருத்தி, அந்த குற்றத்த இவர் செய்யவே இல்லைன்னு அந்த புது உண்மை சந்தேகத்துக்கு இடமில்லாம காட்டணும்னு வச்சுட்டாங்க. அதாவது தண்டனைய ரத்து பண்ண சந்தேகம் போதும், காசு வாங்க சந்தேகமே இருக்கக்கூடாது. செய்யாத ஒண்ண செய்யலன்னு அவ்ளோ உறுதியா எப்படிங்க காட்டறது, டிஎன்ஏ மாதிரி ஏதாவது இருந்தாத்தான் உண்டு. இப்படி நஷ்டஈடு மறுக்கப்பட்டவங்க ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போனாங்க, இந்த நிபந்தனை ஒருத்தர நிரபராதியா கருதற உரிமைய மீறலன்னு 2024 ஜூன்ல சொல்லிட்டாங்க. அதே நாட்டுல ஆண்ட்ரூ மால்கின்சன்னு ஒருத்தர், செய்யாத குற்றத்துக்கு 17 வருஷம் உள்ள இருந்து 2023 ஜூலைல தண்டனை ரத்தாச்சு. ஜெயில்ல இருந்ததால சாப்பாடு, தங்கற செலவு மிச்சமாச்சுல்லன்னு நஷ்டஈட்டுலயே பிடிக்கற விதி அப்ப இருந்துச்சு, நெசமாவே இருந்துச்சு! அவர் கேஸால சத்தம் கெளம்பி அடுத்த மாசமே எடுத்தாங்க.

எவ்ளோ குடுப்பாங்கங்கறது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனில ஒரு நாளுக்கு 75 யூரோ, 2020க்கு முன்னாடி வெறும் 25, சம்பளம் போனதுக்கு தனிக் கணக்கு. அமெரிக்க ஃபெடரல் சட்டத்துல வருஷத்துக்கு 50,000 டாலர் வரைக்கும், மரண தண்டனைக் கைதியா இருந்த வருஷத்துக்கு 1,00,000 வரைக்கும், ஆனா நிரபராதின்னு கோர்ட் சான்றோ அதையே சொல்ற மன்னிப்போ கைல இருக்கணும். டெக்சாஸ்ல வருஷத்துக்கு 80,000 டாலர், அதோட ஆயுள் முழுக்க மாசா மாசம் ஒரு தொகை, படிப்புச் செலவு, உள்ள இருந்தப்ப சேர்ந்துபோன பிள்ளைகளோட ஜீவனாம்ச பாக்கி கூட கட்டறாங்க, இத யோசிச்சு எழுதுன ஆள் யாரோ விவரமானவர்.

இந்தியா 1979ல உடன்படிக்கைல சேர்ந்துச்சு, ஆனா 9(5)ஐ ஏத்துக்கலன்னு அப்பவே எழுதி வச்சுட்டுத்தான். தனிச் சட்டம் கெடையாது. என் அடிப்படை உரிமைய அரசாங்கம் மீறிடுச்சுன்னு ரிட் மனு போட்டு உச்ச நீதிமன்றத்துலயோ உயர் நீதிமன்றத்துலயோ கேக்கணும், 1983ல ருதுல் ஷா கேஸ்தான் அதுக்கு வழி போட்டுச்சு. விடுதலை ஆனப்புறமும் 14 வருஷம் வெளிய விடாம வச்சிருந்தவருக்கு அப்ப குடுக்கச் சொன்னது 35,000 ரூபா. 2018ல சட்ட ஆணையம் 277வது அறிக்கைல, தண்டனை விழுந்தவங்கன்னு மட்டும் பாக்காம தப்பா வழக்கு போடப்பட்டவங்க எல்லாருக்கும் ஸ்பெஷல் கோர்ட் வழியா நஷ்டஈடு குடுக்க சட்டம் போடணும்னு சொல்லியிருந்தாங்க.

எந்த நாடா இருந்தாலும் மொத வேலை, முழு தீர்ப்போட சான்றளிச்ச நகல் வாங்கி வைங்க. "சந்தேகத்தின் பலனை அளித்து"ன்னு மட்டும் இருக்கா இல்ல குற்றத்த இவர் செய்யலன்னு எங்கயாவது சொல்லியிருக்காங்களான்னு வக்கீலோட உக்காந்து பாருங்க, முடிஞ்சா வாதத்தப்பவே அந்த வரி தீர்ப்புல வரணும்னு கேக்கச் சொல்லுங்க. ஜெயில்ல உள்ள போன தேதி வெளிய வந்த தேதிக்கான பேப்பர், முன்னாடி வேலை பாத்ததுக்கு சம்பள ஆதாரம், மருத்துவ ரெக்கார்டு எல்லாம் ஒரே ஃபைல்ல போடுங்க. கெடு தேதிய விட்டுடாதீங்க, இங்கிலாந்துல பொதுவா 2 வருஷம், டெக்சாஸ்ல 3 வருஷம், வெளிய வந்த புதுசுல தூக்கமே வராம சுத்திக்கிட்டு இருக்கறவருக்கு இது ஓடிப்போறதே தெரியாது, அதனால வீட்ல யாராவது ஒருத்தர் தேதிய குறிச்சு வைக்கணும். ஆள் இறந்துட்டாருன்னாலும் ஃபைல மூடிடாதீங்க, இந்த ரெண்டு எடத்துலயுமே அவருக்கு பதிலா வாரிசுங்க கேக்க சட்டத்துல வழி இருக்கு.